ஒரே வாரத்தில் நிரப்பிய இரண்டு பீப்பாய்கள்: சிங்கிள் காஸ்க் ஸ்காட்ச் ஒப்பீட்டுப் பதிவு

ஒரு விஸ்கியில் ஆல்கஹால் 55.1 சதவீதம், இன்னொன்றில் 59.8. இரண்டையும் பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றி முகர்ந்துவிட்டு "இது காரம், அது சாது" என்று குறிப்பெழுதினால், அந்தக் குறிப்பு ஆல்கஹாலைப் பற்றியது. பீப்பாயைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. சிங்கிள் காஸ்க் ஒப்பீடுகளில் முக்கால்வாசி இந்த இடத்திலேயே சறுக்கிவிடுகின்றன.

கீழே இருப்பது அந்தச் சறுக்கலைத் தவிர்க்கும் முறை. எதை வாங்குவது, எவ்வளவு நீர் கலப்பது, எந்த வித்தியாசத்தை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்று வரிசையாக வரும். நடுவில் இருப்பது ஒரே சோதனைதான்: ஒரே வடிசாலையில் ஒரே சமயத்தில் வடித்து, ஒரே வகைப் பீப்பாய்களில் ஊறவைத்த இரண்டு சகோதரப் பீப்பாய்கள். எடுத்துக்காட்டாக ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள கல் ஈலா வடிசாலையை வைத்துக்கொள்ளலாம். வடிசாலைகளின் விஸ்கியை வாங்கித் தங்கள் லேபிளில் விற்கும் தனியார் பாட்டிலிங் நிறுவனங்கள் அதன் ஹாக்ஸ்ஹெட் பீப்பாய்களை அடுத்தடுத்த எண்களில் நிறைய வெளியிட்டிருக்கின்றன, ஜோடி கிடைப்பது எளிது.

லேபிளைக் கணக்குப் போட்டுப் படிப்பது

2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள் ஐந்து வகைகளைத்தான் வரையறுக்கின்றன: சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெயின், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெயின், பிளெண்டட். சிங்கிள் காஸ்க் அந்தப் பட்டியலில் இல்லை. ஓக் பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, குறைந்தது மூன்று ஆண்டு ஸ்காட்லாந்தில் ஊறவேண்டும், பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, நீரும் காரமல் நிறமும் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது. இவை எல்லா ஸ்காட்ச்சுக்கும் பொது. சிங்கிள் காஸ்க் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு வந்தது என்பது நடைமுறை வழக்கு. அந்தப் பீப்பாய்க்குள் வருவதற்கு முன் விஸ்கி எங்கே கிடந்தது என்பதற்கு அது உத்தரவாதம் தராது. பதினோரு ஆண்டு போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் கிடந்துவிட்டுக் கடைசி ஓராண்டு மட்டும் ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின்) பீப்பாயில் இருந்ததும் சிங்கிள் காஸ்க் என்றே விற்கும். "ஃபினிஷ்" என்ற சொல் லேபிளில் எந்த மூலையில் இருந்தாலும் அதைச் சகோதரச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

அடுத்தது பாட்டில் எண்ணிக்கை. போர்பன் பேரல் சுமார் 200 லிட்டர், ஹாக்ஸ்ஹெட் 250, ஷெர்ரி பட் 500. ஹாக்ஸ்ஹெட்டை முழுக்க நிரப்பி, ஒரு சொட்டும் ஆவியாகாமல் போனால்கூட 700 மில்லி பாட்டில்கள் 357-க்கு மேல் வராது. ஆவியாவதோ உறுதி. ஆகவே "ஹாக்ஸ்ஹெட், காஸ்க் ஸ்ட்ரெங்த், 420 பாட்டில்கள்" என்று, அதாவது பீப்பாயில் இருந்தபடியே நீர் கலக்காமல் அடைத்ததாக, ஒரு லேபிள் சொன்னால் அதில் ஏதோ ஒன்று பொய்.

ஒரு கற்பனை லேபிளை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஹாக்ஸ்ஹெட், 12 ஆண்டு, 58.2 சதவீதம், 300 பாட்டில்கள். ஸ்காட்லாந்தில் புது வடிப்பை வழக்கமாக 63.5 சதவீதத்தில் நிரப்புவார்கள். 250 லிட்டரில் தூய ஆல்கஹால் 158.75 லிட்டர். வெளியே வந்தது 210 லிட்டர், அதில் ஆல்கஹால் 122.2 லிட்டர். பன்னிரண்டு ஆண்டில் 23 சதவீதம் போயிருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 2.2. ஸ்காட்லாந்துக் கிடங்குகளுக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் என்று பொதுவாகச் சொல்லும் கணக்கோடு இது ஒத்துப்போகிறது. லேபிள் நம்பத்தக்கது. அதே பீப்பாயை 46-க்கு நீர்த்தால் 379 பாட்டில் வரும். ஆகவே எண்ணிக்கை 357-ஐத் தாண்டினால் உடனே சந்தேகிக்காமல் சதவீதத்தைப் பாருங்கள். எண்ணிக்கை மிகக் குறைவாக, 90 அல்லது 120 என்று இருந்தால் பெரும்பாலும் பீப்பாயை இரண்டு வாடிக்கையாளருக்குப் பங்குபோட்டிருப்பார்கள், அல்லது ஒரு பகுதியைச் சிறு பீப்பாய்க்கு மாற்றியிருப்பார்கள். இரண்டாவது என்றால் அது சகோதரன் இல்லை, ஒன்றுவிட்ட உறவு.

எதை வாங்குவது

வடிசாலை, வடித்த மாதம், பீப்பாய் வகை, பாட்டிலிங் நிறுவனம் நான்கும் ஒன்றாக இருக்கவேண்டும். பீப்பாய் எண் அடுத்தடுத்து இருந்தால் இன்னும் நல்லது. கேடன்ஹெட்ஸ் (1842), கார்டன் அண்ட் மக்ஃபெயில் (1895), சிக்னட்டரி (1988) போன்ற பழைய தனியார் பாட்டிலிங் நிறுவனங்களின் லேபிள்களில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்கும். 1983-இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி வடிசாலைப் பெயரை முன்பக்கம் போடாது. முதல் எண் வடிசாலை, புள்ளிக்குப் பின் வரும் எண் பீப்பாய். 53 என்று தொடங்கினால் கல் ஈலா, 29 லஃப்ரோய்க், 33 ஆர்ட்பெக்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது பீட் புகை: மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்தும்போது பீட் என்ற சதுப்புநில மண்ணை எரிப்பதால் ஏறும் மணம். கல் ஈலாவே சில காலங்களில் பீட் போடாத மால்ட்டையும் வடித்திருக்கிறது. புன்னஹாபன் வழக்கமாகப் புகையில்லாதது, ஆனால் பீட் போட்டும் வடிக்கிறது. அது தனியார் பாட்டில்களில் பெரும்பாலும் ஸ்டோய்ஷா என்ற பெயரில் வரும். டோபர்மரியின் புகைப் பதிப்பு லேடிக். வடிசாலைப் பெயரை மட்டும் பார்த்து ஜோடி சேர்த்தால், ஒரு பக்கம் புகை, மறுபக்கம் பழம் என்று வந்து நிற்கும்; சோதனை அத்தோடு முடிந்தது. இரண்டாவது பொறி, பெயர் சொல்லாத மால்ட்டுகள். பிறர் தன் பெயரைப் பயன்படுத்தாமல் இருக்க, வடிசாலை வேறொரு மால்ட்டை ஒரு கரண்டி கலந்து விற்பது உண்டு. பர்ன்சைட் அப்படிப்பட்ட பெயர். சட்டப்படி அது பிளெண்டட் மால்ட். சுவையில் அந்தக் கரண்டி தெரியாது, ஆனால் ஒப்பீட்டுக்கு எடுப்பவர் அதை அறிந்திருக்கவேண்டும்.

முதல் தடவை செய்பவருக்கு என் சிபாரிசு காஸ்க் ஸ்ட்ரெங்த் அல்ல. பல்வெனி சிங்கிள் பேரல் 12 ஆண்டு, இரண்டு வேறு பீப்பாய் எண்களில் கிடைத்தால் அதை எடுங்கள். எல்லாம் முதல் நிரப்புப் போர்பன் பேரல் (ஸ்காட்ச் முதல் தடவையாகக் கிடந்தவை), எல்லாம் 47.8 சதவீதத்தில் பாட்டில் ஆனவை, பீப்பாய் எண் லேபிளிலேயே எழுதியிருக்கும். நீர் கலக்கும் வேலையே மிச்சம்.

முழுப் பாட்டில் வாங்கவேண்டியதில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து 700 மில்லியை ஏழு 100 மில்லி மாதிரிகளாகப் பிரித்துக்கொள்வது சாதாரண வழக்கம். ஒரு ஜோடிக்கு முழுச் சோதனையும் செய்ய ஒவ்வொன்றிலும் 150 மில்லி இருந்தால் போதும்.

கருவிகள்

டியூலிப் வடிவ கிளாஸ் ஆறு, எல்லாம் ஒரே தயாரிப்பு. 2001-இல் வந்த கிளென்கெய்ர்ன் போதும், கோப்பிட்டா இன்னும் நல்லது. விளிம்பைவிடச் சற்று அகலமான வாட்ச் கிளாஸ் ஆறு, மூடி வைக்க. அட்டையால் மூடாதீர்கள், அட்டைக்கு வாடை உண்டு. 5 மில்லி சிரிஞ்ச், 0.1 மில்லி கோடு போட்டது, ஊசி வேண்டாம். 60 மில்லி பழுப்புக் கண்ணாடி மாதிரி பாட்டில்கள், மூடியின் உள்ளே கூம்பு வடிவ பிளாஸ்டிக் அடைப்பு உள்ளவை. காகித அட்டை வைத்த மலிவு மூடியில் பசை கரைந்து விஸ்கிக்குள் இறங்கும், ஒரே வாரத்தில் மாதிரி பாழ். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் சிரிஞ்சைவிடத் துல்லியம்: நீர் ஒரு மில்லிக்கு ஒரு கிராம், 58 சதவீத விஸ்கி 20 மில்லிக்குச் சுமார் 18.3 கிராம்.

கிளாஸ் கழுவுவதில்தான் பாதி வெற்றி. வாசனையில்லாத சோப்பு, சூடான நீர், கடைசியாக வடிநீரில் ஒரு அலசல், கம்பித் தட்டில் தலைகீழாகக் காயவைப்பது. மர அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மர வாடை ஏறும். அதை முகர்ந்துவிட்டு "பழைய ஓக்" என்று எழுதுவது மிகச் சுலபம். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு காலி கிளாஸையும் முகர்ந்து பாருங்கள். எதுவும் தெரியக்கூடாது. துணியால் துடைத்த கிளாஸில் துணியின் சோப்பு வாடைதான் முதலில் வரும்.

ஒரே சதவீதத்துக்குக் கொண்டுவருவது

சூத்திரம் ஒன்றுதான். சேர்க்கவேண்டிய நீர் = விஸ்கியின் அளவு × (இப்போதைய சதவீதம் ÷ வேண்டிய சதவீதம் − 1). 45 மில்லியை 46 சதவீதத்துக்குக் கொண்டுவர, 55.1 உள்ளதற்கு 8.9 மில்லி நீர், 59.8 உள்ளதற்கு 13.5 மில்லி. இரண்டும் 60 மில்லி பாட்டிலில் அடங்கும். ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போது கன அளவு கொஞ்சம் சுருங்குவதால் உண்மைச் சதவீதம் கணக்கைவிட ஒரு நூல் மேலே நிற்கும். இரண்டிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பதால் ஒப்பீட்டைக் கெடுக்காது.

46 ஏன்? குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி அதற்குக் கீழே போனால் கலங்கத் தொடங்கும். நீளச் சங்கிலிக் கொழுப்பு எஸ்டர்கள் ஆல்கஹால் குறைந்ததும், குளிர்ந்ததும் திரள்கின்றன. அது குறை இல்லை, வடிகட்டாமல் விட்டதற்கு அடையாளம். ஆனால் கண்ணை மறைத்த சோதனையில் ஒரு கிளாஸ் மட்டும் கலங்கினால் விடை அம்பலம். முதல் சுற்று 46-இல். இரண்டாவது சுற்று 30-இல்: 46-இல் இருக்கும் 10 மில்லிக்கு 5.3 மில்லி நீர். மணத்துக்கு இந்த இரண்டாம் சுற்றுதான் அதிகம் பேசும். விஸ்கி நிறுவனங்களின் கலவை வல்லுநர்கள் 20 சதவீதம் வரை இறக்கித்தான் முகர்கிறார்கள். அவர்களுக்குக் குடிப்பது வேலை இல்லை, குறை கண்டுபிடிப்பது வேலை.

"இரண்டு சொட்டு நீர் விட்டால் விஸ்கி திறந்துகொள்ளும்" என்று ஒரு பேச்சு உண்டு. கணக்கைப் பாருங்கள். இரண்டு சொட்டு 0.1 மில்லி. 59.8 சதவீத விஸ்கி 20 மில்லியில் அதை விட்டால் 59.5 ஆகும். அந்த நேரத்தில் கிளாஸைச் சுழற்றினோம், ஒரு நிமிடம் காத்திருந்தோம், மூக்குக்கு ஓய்வு கொடுத்தோம். மாற்றம் வந்தது அவற்றால்.

நீர்ப்பதால் மாற்றம் உண்டு என்பது உண்மை, ஆனால் அளவு அதிகம் வேண்டும். 2017-இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் கணினி உருவகிப்பில் புகைமணம் தரும் குவாயகோலைப் பார்த்தார்கள். 45 சதவீதம் வரையிலான கலவையில் அது மேற்பரப்பில், காற்றோடு சேரும் இடத்தில் தங்கியது. 59-க்கு மேல் போனதும் எத்தனால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொண்டது. நீர், எத்தனால், குவாயகோல் மூன்றே பொருள் வைத்துச் செய்தது அது; உண்மையான விஸ்கியில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இருந்தாலும் கல் ஈலா போன்ற புகை மால்ட்டில் 59-லிருந்து 46-க்கு இறக்கியதும் புகை முன்னே வருவது எவருக்கும் தெரியும்.

எந்த நீர் என்பதும் முக்கியம். குழாய் நீர் கூடவே கூடாது. குளோரின் பீட் புகையின் ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் உண்டாக்கும். மருத்துவமனை வாடை அடிக்கும், அதுவும் மிகக் குறைந்த அளவிலேயே. ஐலா விஸ்கிக்கு அந்த வாடை இயல்புதானே என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். கடின நீரும் வேண்டாம், கால்சியம் பின்னால் வீழ்படிவு தரும். தாது குறைந்த பாட்டில் நீர், அல்லது ஆர்.ஓ. நீர். ஒரே பாட்டிலிலிருந்து எல்லா மாதிரிக்கும்.

கலந்ததும் சுவைக்கவேண்டாம். கலக்கும்போது லேசாகச் சூடேறும், குமிழி வரும். முந்தின இரவே கலந்து, மூடி, அறை வெப்பத்தில் வைத்துவிடுங்கள்.

மூக்குக்கு முறை

18 முதல் 20 டிகிரி, 15 மில்லி ஊற்று, வாட்ச் கிளாஸ் மூடி, 10 நிமிடம். மூடியை எடுத்ததும் மூக்கை உள்ளே விடாதீர்கள். மேலே தேங்கிய ஆவி கமறும், மூக்கு ஐந்து நிமிடத்துக்கு மரத்துப்போகும். ஒரு சாண் தூரத்திலிருந்து கீழே வாருங்கள், வாய் லேசாகத் திறந்திருக்கட்டும். இரண்டு மூச்சு, பிறகு விலகல்.

முதல் கிளாஸுக்கு மதிப்பெண் கிடையாது. எது முதலில் வந்தாலும் நாக்கில் அதுதான் எரியும். ஆகவே பந்தயத்தில் இல்லாத ஏதாவது ஒரு மால்ட்டை 46-இல் ஒரு வாய் வைத்துக்கொண்டு தொடங்கவேண்டும். இடையில் வெறும் நீரும் உப்பில்லாத ஓட் பிஸ்கட்டும். பீட் உள்ளதும் இல்லாததும் ஒரே அமர்வில் வேண்டாம். புகை நாக்கில் தங்கி அடுத்ததற்கும் ஏறும்.

மணத்துக்குப் பெயர் வைக்கச் சிரமப்படுபவர்கள் மேற்கோள் மணங்களைத் தயார் செய்துகொள்ளலாம். வெறும் வோட்கா 50 மில்லியில் இரண்டு கிராம்பு, இரண்டு மணி நேரம்: யூஜெனால், ஐரோப்பிய ஓக்கில் அதிகம். இன்னொன்றில் கொப்பரைத் துருவல் ஒரு தேக்கரண்டி: அமெரிக்க ஓக்கின் லாக்டோனுக்கு மிக நெருக்கம். வெனிலா ஒன்று. நன்றாகப் பழுத்த வாழைப்பழத் துண்டு ஒன்று: ஐசோஅமைல் அசிடேட், நொதித்தலில் வருவது, பீப்பாய்க்குச் சம்பந்தமில்லை. அயோடின் பூசிய பஞ்சு ஒன்றைத் தனி மூடிய குப்பியில், முகர மட்டும். மணம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துவைப்பதுதான் இதன் பயன். சகோதரப் பீப்பாய்களில் வாழைப்பழமும் புகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். கொப்பரை, கிராம்பு, வெனிலா, துவர்ப்பு ஆகியவைதான் விலகவேண்டும்.

மூன்றில் ஒன்று

முக்கோணச் சோதனை. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மற்றது. வேறானதைச் சுட்டவேண்டும், பிடித்ததை அல்ல. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் ஒரு தடவை சரியாகச் சொல்வதற்கு மதிப்பே இல்லை. வரிசைகள் ஆறு உண்டு. ஆறையும் ஒரு தடவை செய்யவேண்டும். ஆறில் ஐந்து சரி என்றால், அந்த அளவோ அதற்கு மேலோ தற்செயலாக வர வாய்ப்பு 1.8 சதவீதம், நம்பலாம். ஆறில் நான்கு என்றால் 10 சதவீதம், நம்பக்கூடாது. பெரும்பாலோர் நான்கு வந்ததும் கைதட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஊற்றுபவர் வேறு ஆளாக இருக்கவேண்டும், அவர் அறையில் நிற்கக்கூடாது. கிளாஸின் அடியில் மூன்றிலக்க எண்கள், 417, 862 மாதிரி. 1, 2, 3 என்றாலும் அ, ஆ, இ என்றாலும் மனம் முதலாவதற்குச் சாயும். நிறம் காட்டிக்கொடுக்கும் என்றால் நீலக் கிளாஸ், இல்லையேல் சிவப்பு விளக்கு. தனி ஆளாகச் செய்பவர் அடியில் எண் ஒட்டி, தட்டைச் சுழற்றிவிட்டு, பத்து நிமிடம் வெளியே போய் வரலாம். முழுப் பாதுகாப்பு இல்லை, ஒன்றுமில்லாததற்கு மேல்.

கிளாஸுக்கு 10 மில்லி வீதம் ஒரு முக்கோணத்துக்கு 30 மில்லி, ஆறுக்கு 180. 46 சதவீதத்தில் அது 82.8 மில்லி தூய ஆல்கஹால், பிரிட்டிஷ் கணக்கில் 8 யூனிட்டுக்கு மேல். அங்கே வாரத்துக்கே 14-ஐத் தாண்டவேண்டாம் என்கிறார்கள். ஆகவே துப்பவேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு முக்கோணத்துக்கு மேல் வேண்டாம். நான்காவதில் மூக்கு எப்படியும் வேலை செய்யாது. வடிசாலைக்கே போய்ச் சுவைப்பவர்களுக்கு: ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் அது 80. பல வடிசாலைகள் ஓட்டுநர் பங்கைச் சின்னக் குப்பியில் கொடுத்துவிடுகின்றன. ஒப்பீட்டுக்கு அதுவே வசதி.

மதிப்பெண்ணும் ஒளித்துவைத்த இரட்டையும்

முக்கோணத்தில் தேறிய ஜோடிக்குத்தான் மதிப்பெண் தாள். புகை, பழம், வெனிலா-கொப்பரை, கிராம்பு வகைக் காரம், உலர்பழம், துவர்ப்பு, கந்தகம், எரிச்சல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. பெயரடைகளை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான்கு கிளாஸ் வையுங்கள். ஜோடியோடு வேறொன்றும் சேர்த்து மூன்று விஸ்கி, அவற்றில் ஒன்று இருமுறை. எது என்று சுவைப்பவருக்குத் தெரியாது. முடிந்ததும் அந்த இரட்டையை முதலில் பாருங்கள். ஒரே விஸ்கிக்குத் துவர்ப்பில் ஒரு தடவை 2, மறுதடவை 4 கொடுத்திருந்தால், அன்றைக்குத் துவர்ப்பில் இரண்டு எண் வித்தியாசம் என்பது ஒன்றுமே இல்லை. மற்ற இரண்டுக்கும் இடையே 2 வித்தியாசம் வந்திருந்தாலும் அடித்துவிடவேண்டும். இது சற்று வலிக்கும். பழகியவர்களுக்குக்கூட இரட்டையில் ஒரு எண் ஊசலாட்டம் சாதாரணம், எரிச்சலில் இரண்டு. நூறுக்கு 87, 88 என்று மதிப்பெண் போடுபவர்கள் தங்கள் தாளில் ஒரு இரட்டையை ஒளித்துவைத்துப் பார்த்தால் அந்த ஒரு எண் வித்தியாசம் தானாகவே காணாமல் போகும்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது

ஒரே வாரத்தில் நிரப்பிய இரண்டு ஹாக்ஸ்ஹெட், 12 ஆண்டு கழித்து ஒன்று 55, மற்றது 59. காரணம் பெரும்பாலும் மரம். ஹாக்ஸ்ஹெட் என்பது அமெரிக்காவிலிருந்து பிரித்து வந்த போர்பன் பேரல் பலகைகளைப் பெரிய தலைப்பலகையோடு திரும்பக் கட்டியது. ஆகவே ஒரு ஹாக்ஸ்ஹெட்டுக்குள் இருக்கும் பலகைகள் ஒரே பேரலிலிருந்து வந்தவை என்றுகூடச் சொல்லமுடியாது. ஒரு நுண்துளைப் பலகை போதும், கசிவும் காற்றோட்டமும் கூடிவிடும். பிறகு இருப்பிடம்: மண்தரை போட்டு மூன்றடுக்கு மட்டுமே ஏற்றும் பழைய டன்னேஜ் கிடங்கு ஈரமானது, உயர அடுக்குக் கிடங்கின் மேல்தட்டு அதைவிடச் சூடு. ஈரக்காற்றில் நீரைவிட ஆல்கஹால் வேகமாகக் குறைவதால் ஸ்காட்லாந்தில் சதவீதம் ஆண்டுக்காண்டு இறங்குகிறது.

இதைவிடப் பெரிய காரணம், லேபிள் சொல்லாத ஒன்று: எத்தனையாவது நிரப்பு. முதல் நிரப்பு என்றால் ஸ்காட்ச் அதில் கிடப்பது முதல் தடவை. அடுத்து வருவதெல்லாம் ரீஃபில் என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும், இரண்டாவதானாலும் நான்காவதானாலும். ஒரு ரீஃபில் ஹாக்ஸ்ஹெட் வெனிலாவும் கொப்பரையுமாக இருக்கும். சகோதரன் வெளிறிய வைக்கோல் நிறத்தில், எலுமிச்சையும் சாம்பலுமாக, பன்னிரண்டு ஆண்டானாலும் ஆறு ஆண்டுப் பிள்ளை மாதிரி நிற்கும். என் வரையில் கல் ஈலாவை அறிய இந்த இரண்டாவது வகைதான் நல்லது. மரம் ஒதுங்கி நிற்க, வடிசாலை தெரியும்.

ஷெர்ரி பட்டுக்கும் போர்பன் பேரலுக்கும் இடையே ஒப்பிடுபவர்கள் அளவை மறக்கக்கூடாது. 200 லிட்டர் பேரலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மரப்பரப்பு 500 லிட்டர் பட்டைவிட அதிகம். இரண்டிலும் 12 ஆண்டு என்பது ஒரே 12 அல்ல. "ஷெர்ரி" என்றால் ஐரோப்பிய ஓக் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க ஓக்கில் செய்த ஷெர்ரி பீப்பாய் நிறைய. ஸ்பெயினிலிருந்து ஷெர்ரியைப் பீப்பாயோடு அனுப்புவது 1980-களில் நின்றுபோனது. இப்போது வருபவை பெரும்பாலும் விஸ்கிக்கென்றே கட்டி, ஒலரோஸோ என்ற ஷெர்ரி வகையால் ஓரிரு ஆண்டு பதப்படுத்தியவை. கிராம்பும் துவர்ப்பும் ஓங்கினால் ஐரோப்பிய மரம், உலர்பழத்தோடு கொப்பரையும் வந்தால் அமெரிக்க மரம் என்று ஊகிக்கலாம். ஊகம்தான்.

குறைகள்

எரிந்த தீக்குச்சி, வேகவைத்த முட்டைகோஸ்: கந்தகம். பீப்பாயைப் பாதுகாக்க எரிக்கும் கந்தகத்திலிருந்தும் வரும், வடிக்கும்போது செம்போடு தொடர்பு குறைவதாலும் வரும். மார்ட்லக், கிரெய்கெலக்கி போல வார்ம் டப்பில் (நீர்த்தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் செம்புக் குழாய்) ஆவியைக் குளிர்விக்கும் இடங்களில் அது அந்த வடிசாலையின் குணமே. உறுதிப்படுத்த, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கழுவிய செம்புக் கம்பி மூன்று சென்டிமீட்டரை 10 மில்லி விஸ்கியில் போட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கம்பி போடாத கிளாஸோடு ஒப்பிட்டு முகருங்கள். வாடை குறைந்தால் தயால் வகைக் கந்தகம். குறையாவிட்டாலும் கந்தகம் இல்லை என்றாகாது, டைசல்ஃபைடுகளைச் செம்பு பிடிக்காது. கம்பி போட்டதைக் குடிக்கவேண்டாம், கொட்டிவிடுங்கள்.

கிளாஸ் அடியில் கறுப்புத் துகள் என்றால் பீப்பாயின் கரி. சிங்கிள் காஸ்க்கில் வடிகட்டியை விரியத்தான் வைப்பார்கள். சுவையைக் கெடுக்காது, ஆனால் கண்ணை மறைத்த சோதனைக்கு முன் அசையாமல் வைத்து மேலாக ஊற்றவேண்டும்.

திறந்த பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் மாறத் தொடங்கும். பழமணம் முதலில் போகும், புகையும் தட்டையாகும். சகோதரர்களில் ஒன்று போன மாதம் திறந்தது, மற்றது இன்று திறந்தது என்றால் ஒப்பிடுவது பீப்பாயை அல்ல, காற்றை. இரண்டையும் ஒரே நாளில் திறந்து, அன்றைக்கே 60 மில்லி குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி, நாளும் பீப்பாய் எண்ணும் எழுதி, இருட்டில் வைக்கவேண்டும்.

பாட்டிலை ஒயின் மாதிரி படுக்கவைக்காதீர்கள். 55 சதவீத ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும். பழைய பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு நொடி சாய்த்துக் கார்க்கை நனைத்து, திருகியபடியே எடுங்கள். முறிந்தால் கார்க் திருகியால் மிச்சத்தை மெதுவாக எடுத்து, காபி வடிதாள் வழியே வேறு சுத்தமான பாட்டிலுக்கு மாற்றலாம். அதற்காகவே தீர்ந்த பாட்டில்களின் கார்க்குகளைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள். பீட் விஸ்கியின் கார்க்குகளுக்குத் தனி டப்பா.